மக்களவைத் துணைத் தலைவர் தேர்தலுக்குக் காலக்கெடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றம் கூடும் நாள்களில் வெளிநடப்பும் ஒத்திவைப்பும் பெரிய செய்தியாகின்றன. அவையை நடத்தும் இருக்கையில் யார் அமர்வது என்பது மட்டும் எவர் கவனத்துக்கும் வருவதில்லை. 2019இல் அமைந்த 17ஆவது மக்களவை, துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்காமலேயே 2024இல் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. அந்த ஆண்டு ஜூனில் 18ஆவது மக்களவை அமைந்ததும் ஓம் பிர்லா மீண்டும் தலைவரானார். துணைத் தலைவர் தேர்தலுக்கு அப்போதும் தேதி குறிக்கப்படவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 93ஆவது பிரிவு, மக்களவை கூடிய விரைவில் தன் உறுப்பினர்களில் இருவரைத் தலைவராகவும் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. துணைத் தலைவர், தலைவருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். இருவருமே அவைக்குக் கடமைப்பட்டவர்கள். தலைவர் பதவி விலக விரும்பினால் கடிதத்தைத் துணைத் தலைவரிடம்தான் அளிக்க வேண்டும். 1956இல் அப்போதைய தலைவர் மாவலங்கர் மறைந்தபோதும், 2002 மார்ச்சில் தலைவராக இருந்த பாலயோகி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோதும் அவை தலைமையின்றித் தவிக்கவில்லை. முதலாவது தருணத்தில் அனந்தசயனம் ஐயங்காரும் அடுத்ததில் பி.எம். சயீதும் துணைத் தலைவர்களாக இருந்தார்கள்.

துணைத் தலைவர் இல்லாமலும் அவை நடக்கிறதே என்று கேட்கலாம். தலைவர் இல்லாத நேரத்தில் அவையை நடத்துவதற்கென அதிகபட்சம் பத்துப் பேர் கொண்ட மாற்றுத் தலைவர் பட்டியல் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பத்துப் பேரையும் நியமிப்பவர் தலைவர். அவை அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. தலைவரையே நீக்கக் கோரும் தீர்மானம் விவாதத்துக்கு வரும்போது இந்த வேறுபாடு பூதாகரமாகிவிடுகிறது. அப்போது தலைவர் அவையில் உறுப்பினராக அமரலாம், பேசலாம். தலைமை தாங்கக் கூடாது என்கிறது 96ஆவது பிரிவு. 1954 டிசம்பரில் மாவலங்கருக்கு எதிரான தீர்மானம் வந்தபோது அனந்தசயனம் ஐயங்கார் தலைமை தாங்கினார். 1987இல் பல்ராம் ஜாக்கருக்கு எதிராகத் தீர்மானம் வந்தபோது துணைத் தலைவராக இருந்தவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த மு. தம்பிதுரை. துணைத் தலைவர் இல்லாத அவையில், தலைவரால் நியமிக்கப்பட்ட ஒருவரே அந்தத் தலைவரின் பதவி குறித்த விவாதத்தை நடத்த வேண்டியிருக்கும். இதை எந்த ஆளுங்கட்சியும் முறையென்று வாதிட முடியாது.

இந்தப் பதவியை எதிர்க்கட்சிக்கோ ஆளுங்கட்சி அல்லாத ஒரு கட்சிக்கோ அளிப்பது எழுதப்படாத மரபு. வாஜ்பாய் ஆட்சியில் காங்கிரஸின் சயீதும், மன்மோகன் சிங் ஆட்சியில் அகாலி தளத்தின் சரண்ஜித் சிங் அத்வாலும் பாஜகவின் கரியா முண்டாவும் அவ்வாறு வந்தவர்களே. மரபு கசக்கிறதென்றால் ஆளுங்கட்சி தன் வேட்பாளரை நிறுத்தி வெற்றிபெறச் செய்யட்டும். தேர்தலையே நடத்தாமல் இருப்பது அதைவிட மோசம்.

சிக்கலின் வேர் மக்களவையின் நடைமுறை விதிகளில் இருக்கிறது. தலைவர் தேர்தலுக்கான தேதியைக் குடியரசுத் தலைவர் குறிக்கிறார் என்பது 7ஆவது விதி. துணைத் தலைவர் தேர்தலுக்கான தேதியைத் தலைவரே குறிப்பார் என்பது 8ஆவது விதி. எத்தனை நாளுக்குள் என்று அதில் இல்லை. ‘கூடிய விரைவில்’ என்ற சொற்களும் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. மனமிருந்தால் இது ஒரே நாள் வேலை என்பதற்கு நம் சட்டப்பேரவையே சான்று: 2021 மே 12 அன்று அப்பாவு தலைவராகவும் கு. பிச்சாண்டி துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

எனவே, அவை முதன்முதலாகக் கூடிய அறுபது நாள்களுக்குள் இத்தேர்தல் நடைபெற வேண்டும் என்று 8ஆவது விதியைத் திருத்த வேண்டும். அரசு முன்வராவிட்டாலும், 93ஆவது பிரிவில் அதே காலக்கெடுவைச் சேர்க்கும் தனிநபர் மசோதாவை அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களில் ஒருவராவது அதற்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி