நீல டிரம்முக்காக வந்தவர்களுக்கு

வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை மாலை மழையில், அங்கன்வாடி டிரம்மில் பிள்ளைகள் வரைந்த படம் உரிந்துபோன கதையை நான் மறுபடியும் எழுதப்போவதில்லை. பிள்ளைகள் அழுததை எல்லோரும் பார்த்தீர்கள்; நான் அழுததையும் சிலர் பார்த்துவிட்டீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கன்வாடி வாசலில் மழைநீர் டிரம் புதுக்கோலத்தில் நின்றதே, அதற்குத்தான் இந்த மடல். என் கையில் தின்னர் வாசம் இன்னும் போகவில்லை.

தன் பெயரை எழுதவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், டிங்கரிங் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் அண்ணன். அவரை யாரும் அழைக்கவில்லை. வேலை முடிந்து தூக்குப்பாத்திரத்துடன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், எங்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றார். டிரம்மை நகத்தால் லேசாகச் சுரண்டினார். வெந்த தோசை கல்லைவிட்டு எழும்புவதுபோலப் பெயின்ட் உரிந்து வந்தது.

“இது பிளாஸ்டிக், அம்மா. கார் பம்பருக்கும் இதே கதைதான். வழவழப்பில் எதுவும் நிற்காது” என்றார். நான் மூன்று கோட் அடித்திருந்தேன். பெயின்ட் கூடக்கூடப் பிடிப்பும் கூடும் என்று நம்பிய புத்திசாலி நான்!

டிரம்மில் பிள்ளைகள் வரைந்திருந்தது தண்ணீர் ரயில். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் நம் வில்லிவாக்கத்துக்கு வந்த அதே ரயில். அதற்கு 50 வேகன்கள் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று அடம்பிடித்து, பாம்பு சுருண்டதுபோல மூன்று சுற்றாக வரைந்து முடித்தார்கள். மழைக்குப் பிறகு மிஞ்சியவை ஏழு. எல்லாமே டிரம்மின் நடுவளையத்தில்.

அண்ணன் அந்த இடத்தை விரலால் தடவினார். “இதைத் தரையில் உருட்டியது யார்?” என்று கேட்டார். இரண்டு பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டிரம் வாங்கிய அன்று அதைத் தார்ச்சாலையில் உருட்டிக்கொண்டே வந்து கீறலாக்கியவர்கள் அவர்கள்தான். அன்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். அவரோ, “கீறல் இருந்ததால்தான் பெயின்ட் பிடித்திருக்கிறது. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்களே!” என்று சொல்லி ஆளுக்கொரு உப்புத்தாளை நீட்டினார். அந்த இரண்டு முகங்களும் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

பிறகு அந்த ஏழு வேகன்கள்மேலும் செய்தித்தாளை ஒட்டி மறைத்தார். டிரம்மைச் சோப்புநீரில் கழுவி, தேய்த்து, துடைத்து, பட்டறைக்கு ஓடிப்போய் பிளாஸ்டிக் பிரைமர் கொண்டுவந்து அடித்து முடிக்கும்போது மணி இரவு ஒன்றரை. மொத்தமாகச் சுரண்டியிருந்தால் பதினொன்றுக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். பணம் நீட்டினேன், சர்க்கரை குறைவாக ஒரு டீ போதும் என்றார். விடியற்காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் மீதி 43 வேகன்களையும் வரைந்தார்கள்.

ஆட்டோவின் ஹெட்லைட்டை எரியவிட்டுக் காத்திருந்த தம்பி, வீட்டுத் தார்ப்பாயைக் கழற்றித் தந்த இஸ்திரி வண்டி அக்கா, கொசு முட்டையிடாமல் டிரம் வாயில் நைலான் வலை கட்டிய மாடிவீட்டு ஐயா, பொங்கலும் சட்னியும் அனுப்பிய மூன்று வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் என் நன்றி. “பிளாஸ்டிக் டிரம்முக்கு இவ்வளவு அலங்காரமா?” என்று கேட்ட பெரியவருக்கும்தான். அவர்தான் பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003-ஆம் ஆண்டு எல்லோரும் அவசரமாகக் குழாய் பொருத்தினோம். என் வீட்டுக் குழாயில் இலை அடைத்து எத்தனை வருடம் ஆயிற்றோ, ஞாயிறு மதியம்தான் ஏறிப் பார்த்தேன். சுத்தம் செய்துவிட்டேன். அங்கன்வாடி மாடி 300 சதுர அடிதான். ஆனாலும் 8 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். செவ்வாய் இரவு நிரம்பி வழிந்தது. ஒரு வேகனும் உரியவில்லை.

அண்ணனுக்கு ஒரு செய்தி. உங்கள் தூக்குப்பாத்திரத்தை மறந்து விட்டுப்போனீர்கள். கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதிரசத்துக்கு மாவு பிசைந்தாயிற்று, புளிக்க இரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை பட்டறையிலேயே இருங்கள். அந்த இரண்டு பையன்களும்தான் கொண்டுவருவார்கள்.