இடப்பக்கத்தை எனக்கு விட்ட தங்கச்சிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பான தமிழ் விக்கிப்பீடியா உறவுகளுக்கு வணக்கம்.

திரும்பி வந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் திரையைப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த மடலையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் வழக்கம்போல நீங்களே திருத்திவிடுங்கள்.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் கேட்க விருப்பம் இராது. உயிர் தப்பியது, கண்ணும் தப்பியது. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

பலருக்கும் சேர்த்தே முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் எங்களைத் தங்கவைத்துச் சோறு தந்த குடும்பம், கனடாவிலும் சுவிசிலும் இருந்து பணம் சேர்த்து அனுப்பிய உறவுகள், இரவு இரண்டு மணிக்கும் போன் எடுத்தால் பதில் சொன்ன மட்டக்களப்பு மருத்துவத் தம்பி, வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடத்திச் சென்ற தாதிமார். அப்புறம், நான் இல்லாத நேரம் தமிழ் விக்கிப்பீடியாவில் என் கட்டுரைகளைக் காத்தவர்கள். யாரோ வந்து கிறுக்கிவிட்டுப் போனதைப் பழையபடி ஆக்கினீர்கள். சான்று இல்லை என்று நீக்கப்பட இருந்த பகுதிகளுக்கு, ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையத்தளத்தில் பழைய கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும் புரட்டிப் பக்க எண் தேடிப் போட்டீர்கள். தமிழ்நாட்டிலிருந்து அதைச் செய்தவர்களில் சிலர் வன்னியை ஒருநாளும் பார்த்தவர்கள் இல்லை. ஒருவரையும் மறக்கவில்லை. தனித்தனியே எழுதுவேன்.

இந்த மடலின் பெரும்பங்கு ஒருத்திக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள், ஆகவே கிளிநொச்சித் தங்கச்சி என்றே எழுதுகிறேன். அவளை நான் நேரில் கண்டதில்லை. ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து வந்து, சமைத்துச் சாப்பிட்டு, இரவில் போனில் இருந்தபடியே கட்டுரை தொகுப்பவள். எங்களுக்குள் பெரிய பழக்கமும் இருக்கவில்லை. இரணைமடுக் குளம் பற்றிய கட்டுரையில் கனகராயன் ஆறு வருகிற பகுதியை ஒருமுறை இருவரும் சேர்ந்து விரிவாக்கினோம். அவ்வளவுதான்.

நான் வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது ஒரு பின்னேரம் மாங்குளம் சந்தியில் கடை வைத்திருக்கும் தம்பி போன் எடுத்தார். "ரீச்சர், கிளிநொச்சி பஸ்ஸில உங்களுக்கு ஒரு பார்சல் வந்து கிடக்கு." மகன் போய் எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டானுக்கு வந்தான். பழைய பேப்பரில் சுற்றி, தையல் நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே என் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. உள்ளே ஒரு சீ.ஆர். கொப்பியும் (பெரிய தடித்த கொப்பி) ஒரு பை முறிகண்டிக் கச்சானும் (வேர்க்கடலை) இருந்தன.

கொப்பியின் வலப்பக்கங்கள் முழுவதும் கையெழுத்து. ஒரு வரி எழுதி ஒரு வரி விட்டு, முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவதுபோலப் பெரிய எழுத்து. திரையைப் பார்க்கத்தான் தடை, கடுதாசியில் பெரிதாக எழுதியதைப் பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னதை யாரோ குழுவில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டாள். பயனர்களின் பெயர் சிவப்பு மையில், அவர்கள் சொன்னது நீல மையில். விக்கிப்பீடியாவில் எல்லோரும் கூடிப் பேசுகிற ஆலமரத்தடிப் பக்கத்தில் நடந்த உரையாடல்கள், யார் எதைக் கேட்டார், யார் மறுத்தார், எங்கே போய் முடிந்தது என்று வரிசையாக இருந்தது. புதிதாக வந்து எழுதத் தொடங்கியவர்களைப் பற்றி இரண்டு இரண்டு வரி. நான் தொடங்கிய கட்டுரைகளில் நடந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும். எங்கள் வட்ஸ்அப் குழுவில் நடந்த பகிடிகள்கூட இருந்தன. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீடு மாறினார், எல்லாம்.

இடப்பக்கங்கள் வெறுமையாக இருந்தன. முதலாவது இடப்பக்கத்தின் மேலே மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "ரீச்சர், இந்தப் பக்கம் உங்களுக்கு. சொல்ல ஏதும் இருந்தா எழுதி இதே பஸ்ஸில விடுங்கோ. நான் தட்டச்சு செய்து போடுறன். அவசரம் இல்லை."

சுகம் எப்படி என்று கொப்பியில் ஒரு இடத்திலும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், அன்பால் கேட்டார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மறுமொழி சொல்லிச் சொல்லியே நான் முழு நோயாளி ஆகிக்கொண்டிருந்தேன். கொப்பிக்குள் நான் பழையபடி ஒரு பயனர். என் எண்ணம் தேவைப்பட்ட இடங்களில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "இதுக்கு நீங்கள் என்ன சொல்றியள்?" என்று எழுதியிருந்தாள். அந்தக் கேள்விக்குறிகளைக் கண்டபோதுதான், இவ்வளவு நாளும் வராத அழுகை வந்தது. மருமகள் பயந்துபோய்க் கொப்பியை வாங்கி வைத்துவிட்டாள். அடுத்த நாள் கெஞ்சித்தான் திரும்ப எடுத்தேன்.

பிறகு அது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஆகிவிட்டது. காலை வெயில் ஏற முன்னர் விறாந்தையில் இருந்து மருமகள் சத்தமாக வாசிப்பாள், நான் கேட்பேன். என் பகுதிகள் வந்தால் கொப்பியை வாங்கி நானே பார்ப்பேன். ஓர் இடத்தில் ஒரு மரத்தின் படத்தைப் பற்றிய விவாதம். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்க்கிற பொதுவகத்தில் யாரோ ஏற்றிய படம், பாலையா வீரையா என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். படம் பார்க்க முடியாத எனக்காகத் தங்கச்சி அந்த இலையைக் கொப்பியில் வரைந்திருந்தாள். நரம்பு எல்லாம் போட்டு, நுனி கொஞ்சம் உள்ளே வெட்டுப்பட்டதுபோல. அதைப் பார்த்ததும் எனக்குப் பாலை என்றுதான் பட்டது. நான் இடப்பக்கத்தில் எழுதினேன்: "பாலை என்றுதான் படுது. மரம் கிட்ட இருந்தால் காம்பை முறித்துப் பார்க்கச் சொல்லுங்கோ, பால் வந்தால் பாலை, வீரையில் வராது." எழுத்து வரியில் நிற்கவில்லை, மேலும் கீழுமாக ஓடியது. நடந்ததற்குப் பிறகு என் கையால் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

கொப்பி பஸ்ஸில் திரும்பிப் போனது. கொஞ்ச நாளில் அடுத்த கொப்பி வந்தது. அதில் பேச்சுப்பக்கத்தின் மிச்சம் இருந்தது. தங்கச்சி என் மறுமொழியை ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டு, கீழே "ரீச்சர் கொப்பியில் எழுதியது, தட்டச்சு மட்டும் நான்" என்று சேர்த்திருக்கிறாள். அதற்குக் கீழே உங்களில் எத்தனை பேர் வந்து எழுதியிருந்தீர்கள்! ஒவ்வொருவர் பெயரையும் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தாள். நான் இன்றுதான் திரும்பி வந்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த இலைக்கு மறுமொழி எழுதிய அன்றே நான் வந்துவிட்டேன்.

பகலெல்லாம் தைக்கிற கை அது. இரவில் அந்தக் கையால் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். கேட்டதற்கு, "போனில தட்டுறதுக்குப் பதிலா எழுதினன், அவ்வளவுதான் ரீச்சர்" என்கிறாள். அவள் சொல்வதுபோல அது சின்ன வேலை இல்லை. முப்பது வருசம் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவள் நான், ஒரு பக்கத்தைக் கண்டால் எழுதியவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்குத் தெரியும்.

கொப்பிகளைக் கொண்டுவந்த இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ் கொண்டக்டர்மாருக்கும் இந்த இடத்தில் நன்றி. "கொப்பிக்கு என்ன காசு" என்று ஒருவரும் வாங்கவில்லை. மாங்குளம் கடைத் தம்பி மழைக்கு நனையாமல் சீனிச் சாக்குக்குள் வைத்துக் காத்துத் தந்தார்.

படுத்திருக்கும்போது எனக்கு 1990களின் வன்னிதான் அடிக்கடி நினைவில் வந்தது. இங்கே மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வருகிற கரண்டில் வானொலி கேட்போம். பீபீசி தமிழோசை நேரத்துக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் சைக்கிள் சுற்றும். எல்லோரும் அங்கே போக முடியாது. கைக்குழந்தைக்காரர், படுக்கையில் கிடக்கும் வயதானவர்கள், காய்ச்சல்காரர் வீட்டில் இருப்பார்கள். செய்தி முடிந்ததும் கேட்டவர்கள் ஒவ்வொரு படலையிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். அதை யாரும் உதவி என்று நினைத்ததில்லை. கேட்டவருக்குச் சொல்கிற கடமை இருந்தது. 2010இல் ஊருக்குத் திரும்பியபோதும் அப்படித்தான். கூரை இல்லாத வீட்டின் முன்னால் நின்றவர்களுக்கு, முதலில் வந்து குடியேறியவர்கள் தண்ணீர் தந்த கையோடு யார் எங்கே இருக்கிறார், யார் இல்லை, எந்தப் பக்கம் மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை என்று எல்லாம் சொன்னார்கள். அப்படிச் சொல்லக் கேட்ட பிறகுதான் ஊருக்குள் கால் வைக்கத் தெரிந்தது.

கிளிநொச்சித் தங்கச்சி டைனமோ சுற்றிய காலத்தில் பிறந்திருக்கவும் மாட்டாள். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. போனும் இணையமும் வந்தால் இந்தப் பழக்கம் எல்லாம் போய்விடும் என்று நானே பலமுறை பேசியிருக்கிறேன். போகவில்லை. அதை அவள் செய்து காட்டிவிட்டாள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தொட்டது. அந்த இலட்சத்துக்குள் எங்கள் பக்கத்துச் சின்னக் குளங்கள் எத்தனை என்று தேடித்தான் நான் உங்களோடு சேர்ந்தேன். இரணைமடுவுக்கும் வவுனிக்குளத்துக்கும் முத்தையன்கட்டுக்கும் எழுத ஆள் உண்டு. காட்டுக்குள் பத்துப் பதினைந்து குடும்பம் நம்பி விதைக்கிற குளத்துக்கு யார் எழுதுவார்? 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற அரச அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். அதன் பிறகு போரும் இடப்பெயர்வும் வந்து, வீட்டில் இருந்த காணி உறுதிகளும் கொப்பிகளும் படங்களும் போய்விட்டன. எந்தக் குளத்துக்கு எத்தனை துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), எந்தப் பக்கம் வான் பாயும் (மிகுந்த நீர் வழிந்தோடும்), அலைகரையில் என்ன மரம் நிற்கும் என்பது இப்போது சில வயதானவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர்களில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் ஒரு குளத்தின் கதை அவரோடு படுத்துவிடும். இதை நான் முன்னரும் சொல்லியிருக்கிறேன். அந்தப் படுக்கையில் நானே கிடந்து பார்த்த பிறகு, எழுத வேண்டும் என்ற அவதி இன்னும் கூடியிருக்கிறது.

ஆகவே இந்த மாரிக்கு வெளிக்கிடப் போகிறேன். மகன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். ஒட்டுசுட்டானில் இருந்து கரிப்பட்டமுறிப்பு, ஒலுமடுப் பக்கம் வரை உள்ள சின்னக் குளங்களை, நீர் நிரம்பிய பிறகு ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் பொதுவகத்தில் ஏற்றுவேன். திரை பார்க்கிற நேரம் எனக்கு அளந்துதான் கிடைக்கும். அதனால் குறிப்புகளைக் கொப்பியில் எழுதி கிளிநொச்சிக்கு பஸ்ஸில் விடுவதாகத் தங்கச்சியோடு பேசிவிட்டேன். இனிமேல் வலப்பக்கம் நான் எழுதுவேன், இடப்பக்கம் அவளுக்கு.

இன்னொன்றும் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் இப்போது பேச்சில்லாமல் இருக்கிறார். யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டு முகவரி என்னிடம் இருக்கிறது. புதுக் கொப்பி ஒன்றும் வாங்கிவிட்டேன். ஆலமரத்தடியில் போன மாதம் முதல் நடந்ததை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி உங்களிடம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சிவப்பு மையில் உங்கள் பெயரோடு போகும். தயவுசெய்து சுகம் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். அவர் பாதியில் விட்ட கட்டுரைகளில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

கடைசியாக வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் ஒரு கேள்வி. முத்தையன்கட்டுக் குளத்தின் அணைக்கட்டில் நின்று எடுத்த பழைய குடும்பப் படம் யார் வீட்டு அல்பத்திலாவது இருக்கிறதா? இங்கே எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. முகங்களை மறைத்துவிட்டு அனுப்பினாலும் சரி. பின்னால் தெரிகிற கட்டும் துருசும் எனக்குப் போதும். முடிந்தால் எடுத்த வருடத்தையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒட்டுசுட்டான் ரீச்சர்