தம்பிக்கு நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வலிப்புக்காக லாமோட்ரிஜின் தொடங்கியிருப்பதாகப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். நல்ல மருந்துதான், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் என் தம்பிக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவனுக்கு வலிப்புக்குக் கொடுத்தது கார்பமாசெபைன் என்ற மருந்து. பதினாறாம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து மார்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள். அரிப்பைவிட எரிச்சலும் வலியும்தான் அதிகம். அன்றிரவு ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன், தோல் துணியோடு வந்துவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்றார்கள். தீக்காயப் பிரிவில்தான் வைத்துப் பார்த்தார்கள். தோல் ஆறிவிட்டது. கண் மட்டும் இன்றும் வறண்டுபோகிறது, சொட்டு மருந்து இல்லாமல் முடியாது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்குக் கார்பமாசெபைனால் இந்த ஆபத்து மிக அதிகம் என்று 2004-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஆசிய வம்சாவளியினரிடம்தான் கூடுதலாக இருக்கிறது. ஓர் இரத்தப் பரிசோதனை போதும். எங்களிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். லாமோட்ரிஜினாலும் அரிதாக இது வரலாம், அதனால் அதன் அளவை மிக மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். கூடவே வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் எடுத்தால் இரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு ஏறும், அதனால் இன்னும் குறைவாகத் தொடங்குவார்கள். சில நாள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பக் கொடுத்துவிடாதே, கேட்டுவிட்டுக் கொடு. முதல் எட்டு வாரம் கவனம். தோலில் தடிப்பு எதுவானாலும் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரிடம் காட்டு. காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, முக வீக்கம் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுதான். மற்றபடி நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பிவிடும்.

தம்பி இப்போது லெவெடிராசெட்டாம் என்ற வேறு வலிப்பு மருந்தில் நன்றாக இருக்கிறான். ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்துகள்கூட அவனுக்கு ஆகாது என்று எழுதிய சீட்டு எப்போதும் பர்ஸில் இருக்கும்.

எத்தனை மில்லிகிராமில் தொடங்கினார்கள், கூட வேறு மாத்திரை உண்டா? பதில் எழுதக் காத்திருக்காதே, இன்றே போன் செய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்