மாவுக்கட்டைவிட ஷூதான் கஷ்டம்

அன்புள்ள நண்பா,

உன் தங்கைக்கு ஸ்கேனில் குழந்தையின் பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எங்கள் சின்னவன் கதைதான். 1000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த கிளப் ஃபுட் வருமாம், பெரும்பாலும் காரணமே தெரியாது. தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று என் மனைவி அழுதுகொண்டே இருந்தாள். உன் தங்கையும் அப்படி இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவை.

பெரிய ஆபரேஷன் என்று நினைத்துத்தான் நான் பயந்தேன். ஆனால் இப்போது பெரும்பாலும் பொன்செட்டி முறைதான், அமெரிக்காவில் அயோவாவில் இருந்த இக்னாசியோ பொன்செட்டி என்ற டாக்டர் கொண்டுவந்தது. பாதத்தைக் கையாலேயே மெல்லத் திருப்பி, தொடையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு போடுவார்கள், அடுத்த வாரம் பிரித்து இன்னும் கொஞ்சம் திருப்பி இன்னொரு கட்டு. இவனுக்கு 6 கட்டு. இவன் பாட்டுக்குப் பால் குடிப்பான், டாக்டர் பாட்டுக்குக் கட்டுவார். குதிகால் மட்டும் இறங்கவில்லை, அதனால் மரத்துப்போக மருந்து கொடுத்து குதிகால் நாணைச் சின்னதாக வெட்டி, 3 வாரத்துக்குக் கடைசிக் கட்டு. அதற்குள் நாண் நீளமாக வளர்ந்து சேர்ந்துவிட்டது.

சிரமம் அப்புறம்தான். ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் ஷூ வைத்த பிரேஸ், முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நாலைந்து வயதுவரை தூங்கும்போதெல்லாம். பாதமோ நேராகிவிட்டது, பிள்ளையோ ராத்திரியெல்லாம் கம்பியால் தொட்டிலை இடித்துக்கொண்டு அழுகிறான், ஒரு நாள்தானே என்று கழற்றியது நான்தான். ஒரு நாள் இரண்டாகி, இரண்டு வாரமாகி, அடுத்த செக்கப்பில் டாக்டர் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு "எத்தனை நாளாகப் போடவில்லை?" என்றுதான் கேட்டார். மறுபடி 2 கட்டு. வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது ஓடுகிறான், பிடிக்க முடியவில்லை. வலது கெண்டைக்கால் கொஞ்சம் மெலிவு, பாதமும் ஒரு சைஸ் சின்னது, சொன்னால்தான் தெரியும்.

கட்டு போட்ட பிறகு விரல்களை அடிக்கடி பார்க்கச் சொல், நீலமானாலோ உள்ளே போய்விட்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். பிரேஸ் போடும்போது ராத்திரி அழுகை தாங்காமல் கழற்றத் தோன்றினால், கழற்றுவதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணச் சொல், எத்தனை மணியானாலும் சரி.

உன்
பழைய பெஞ்ச் நண்பன்