ஊட்டி போற காருக்கு தெர்மோஸ்டாட் வால்வு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பொங்கல் லீவுக்கு நம்ம கடலூர், பாண்டி பக்கத்துலேருந்து ஊட்டிக்கு கார்ல போற குடும்பங்க நெறைய, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

போன வருஷம் நாங்களும் போனோம், மலை ஏறும்போது ஒண்ணும் தெரியல, மறுநாள் காலையில செல்ஃப் எடுக்கவே இல்ல, பக்கத்து வண்டியிலேருந்து ஒயர் குடுத்து ஸ்டார்ட் பண்ணி தலைகுந்தா பக்கம் போனா அரை மணி நேரம் ஆகியும் டெம்பரேச்சர் முள்ளு அடிக்கோட்ட விட்டு நகரல, ஹீட்டர்ல ஜில்லுனு காத்து, பின்சீட்ல எங்கம்மா ரெண்டு சால்வைய போத்திக்கிட்டு நடுங்கறாங்க. அங்க ஒரு மெக்கானிக் பாத்துட்டு, "அண்ணா, உள்ள தெர்மோஸ்டாட் வால்வே இல்லைங்களே, கூலன்ட்டும் இல்ல, வெறும் தண்ணிங்க" ன்னாரு. கூலன்ட்னா தண்ணி ஒறையாம, துரு புடிக்காம இருக்க ரேடியேட்டர்ல கலந்து ஊத்தற திரவம். ரேடியேட்டர்லேருந்து எறக்கின தண்ணி டிகாஷன் மாதிரி இருந்துச்சி, கையில ஏந்தினா துரு மண்ணு மாதிரி தங்குது.

அப்பதான் ஞாபகம் வந்துச்சி, அதுக்கு முந்தின கோடையில வண்டி சூடாகுதுன்னு இங்க ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டப்ப, நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு வால்வ கழட்டிட்டாங்க, அப்பறம் நாங்களும் உப்பு போர் தண்ணியவே ஊத்தி ஊத்தி ஓட்டிட்டோம்.

அது தப்புங்க. இன்ஜின் தண்ணி 80 டிகிரிய தாண்டற வரைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாம மூடி வெக்கறதுதான் அந்த வால்வோட வேலை. அது இல்லன்னா குளிர்ல இன்ஜின் சூடே ஏறாது, ஹீட்டர் அந்த சூட்டுத் தண்ணியிலதான் ஓடுது, அதுவும் போச்சி. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்குன்னு பெட்ரோலும் கூட குடிக்கும், நம்ம ஊர்லயே மைலேஜ் கொறையும். வெறும் தண்ணி 0 டிகிரியில ஒறைஞ்சா விரிஞ்சி ரேடியேட்டரையோ இன்ஜின் பிளாக்கையோ ஒடைச்சிடும், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 30லயும் ஒறையாது.

வால்வு இருந்தும் ஹீட்டர் சூடாகலன்னா கூலன்ட் கொறைஞ்சிருக்கா, உள்ள காத்து மாட்டிக்கிட்டு ஏர்லாக் ஆயிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, கண்ணாடி ஆவி புடிச்சி இனிப்பு வாசனை வந்து முன்சீட்டு கார்பெட் ஈரமா இருந்தா ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள்ள இருக்கற குட்டி ரேடியேட்டர், லீக்கு. சூடா இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடிய தொறக்காதீங்க. பேட்டரி ராத்திரி நிறுத்தி காலையில மீட்டர்ல 12.6 வோல்ட் காட்டணும், 12.2ன்னா பாதி சார்ஜுதான், குளிர்ல அதுவும் போதாது. டீசல் வண்டின்னா சாவி போட்டதும் எரியற ஸ்பிரிங் மாதிரி மஞ்ச லைட்டு அணைஞ்சப்பறம் செல்ஃப் அடிங்க.

ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கவங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், வண்டி சூடானா ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் எல்லாத்தையும் பாருங்க, வால்வு கெட்டிருந்தா புதுசு போடுங்க, கழட்டித்தான் ஆகணும்னா பில்லுல எழுதிக் குடுங்க.

பொங்கலுக்கு முன்னாடியே இத போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.