இடதுகை அறியாதபடி செய்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

வியாதிப்பட்டோரையும், துக்க வீட்டாரையும், வெளியே நடமாட முடியாத முதியோரையும் சந்திக்கும் ஊழியத்தில் கூட நின்ற எல்லாருக்கும் சந்திப்புக் குழு எழுதும் மடல் இது. பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3-ஐ வாசித்துவிட்டு அச்சில் போட மனம் வரவில்லை. செய்ததை மட்டும் எழுதுகிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு அது வழிகாட்டும்.

முதல் நன்றி ஜெப நோட்டு எழுதியவர்களுக்கு. விண்ணப்பங்கள் சேரச் சேர என்ன ஆகும் என்பது எல்லாச் சபைக்கும் தெரிந்ததே. எண்பது பெயர்களை ஒரே மூச்சில் வாசித்தால் பெயர் வெறும் சத்தமாகிவிடும்; வாசிக்கிறவருக்கே ஒரு முகமும் நினைவில் நிற்காது. நீங்கள் 84 பெயர்களை ஏழு நாளுக்குப் பிரித்து, நாளுக்கு 12 என்று வைத்துக்கொண்டீர்கள். பெயருக்கு ஒரு நிமிடம், காலையில் 12 நிமிடம். பக்கத்தில் நான்கு கட்டங்கள்: யார், என்ன தேவை, யாரிடம் அனுமதி கேட்டது, மறுபடி எந்தத் தேதியில் விசாரிப்பது. அந்த நான்காவது கட்டத்தில்தான் நோட்டின் உயிர் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பழைய விண்ணப்பங்கள் அப்படியே தங்கிவிடும். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்காக "ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும்" என்று ஜெபிப்பதாவது சிரிப்போடு போய்விடும். இறந்துபோனவரின் சுகத்துக்காக ஆராதனையில் பெயர் வாசித்தால் அந்தக் குடும்பம் எப்படி அங்கே உட்கார்ந்திருக்கும்?

30 நாளுக்கு ஒருமுறை போன் செய்து கேட்டு, பதில் கிடைத்தவற்றுக்கு நன்றி சொல்லி அடித்துவிட்டு, மற்றவற்றைப் புதுத் தேதியோடு எழுதினீர்கள். தேவை மாறிவிட்டது என்பது இப்படி விசாரிக்கும்போதுதான் வெளியே வரும். சுகத்துக்காக ஜெபிக்கச் சொன்னவருக்கு இப்போது வேண்டியது ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போக ஓர் ஆள் என்று தெரியவரும். நோட்டிலிருந்து வண்டிச் சாவிக்கு அவ்வளவுதான் தூரம்.

"பெயரைச் சொல்லலாமா?" "வியாதியைச் சொல்லலாமா?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டதற்கும் நன்றி. முதல் கேள்விக்குச் சரி என்பவர் இரண்டாவதுக்கு வேண்டாம் என்பார். ஜெபக் குறிப்பு என்ற போர்வையில் அடுத்த வீட்டுக் கதை பேசுவது நம் சபைகளில் பழைய வியாதி. "அவங்களுக்காகப் பாரத்தோட ஜெபிங்க, விஷயம் என்னன்னா..." என்று தொடங்கும்போதே கேட்பவரின் காது கூர்மையாகிவிடும். "ஒரு குடும்பத்தின் தேவைக்காக" என்று மட்டும் எழுதினாலும் கர்த்தருக்கு முகவரி தெரியும்.

வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இயேசு சீஷரை அனுப்பியதுபோல (மாற்கு 6:7) இருவர் இருவராகப் போனீர்கள். முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டீர்கள். சளி, காய்ச்சல் இருந்த வாரம் வீட்டிலேயே நின்றுவிட்டீர்கள். உள்ளே நுழையுமுன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவினீர்கள். கட்டிலில் உட்காராமல், படுத்திருப்பவரின் கண் மட்டத்துக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு, நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்தீர்கள். கால்மாட்டில் வரிசையாக நின்று பார்த்தால், தன் அடக்க ஆராதனையைத் தானே முன்கூட்டிப் பார்ப்பதுபோல் அவருக்கு இருக்கும். 15 நிமிடத்தில் எழுந்தீர்கள். "இன்னும் கொஞ்சம் இருங்க" என்று அவரே சொன்னால் மேலும் ஐந்து நிமிடம்.

"ஜெபிக்கட்டுமா?" என்பதோடு நிறுத்தாமல் "என்ன சொல்லி ஜெபிக்க?" என்றும் கேட்டீர்கள். நாம் பூரண சுகத்துக்காக ஜெபிக்க ஆயத்தமாகி வந்திருப்போம். அவரோ, "ராத்திரி ரெண்டு மணி நேரமாவது தூக்கம் வரணும்" என்பார். அந்த வார்த்தையையே எடுத்து ஜெபித்து, இரண்டு நிமிடத்துக்குள் ஆமென் சொன்னீர்கள். நீண்ட ஜெபம் வலியில் கிடப்பவருக்குப் பாரம். சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தாலும் ஆமென் வரும்வரை வாய் திறக்க மாட்டார். கை வைக்குமுன் கேட்டதும் நல்லது. தையல் எந்தப் பக்கம், ட்ரிப்ஸ் ஏறுவது எந்தக் கையில் என்பது போர்வைக்கு மேலே தெரியாது.

ஞாபகமறதி முற்றிய முதியவர்களிடம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தையே கொண்டுபோனவர்களுக்குத் தனி நன்றி. சின்ன வயதில் மனப்பாடம் செய்தது பெரும்பாலும் கடைசியில்தான் போகும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று மெதுவாகத் தொடங்கி நிறுத்தினால், பிள்ளையின் பெயரே மறந்தவரின் உதடுகூட "நான் தாழ்ச்சியடையேன்" என்று அசைவதுண்டு. அதையே புதிய மொழிபெயர்ப்பில் "ஆண்டவரே என் ஆயர்" என்று வாசித்தால் தமிழ் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவரால் கூட வர முடியாது. கத்தோலிக்கராக வளர்ந்தவரிடம் சிறுவயதில் சொன்ன ஜெபமாலை ஜெபங்கள்தான் அப்படித் தங்கியிருக்கும். அதையும் விசாரித்துக்கொண்டு போனீர்கள். 23-ஆம் சங்கீதத்தில் 6 வசனங்கள், 121-இல் 8. ஒரு சந்திப்புக்கு ஒன்று போதும்.

சுகத்துக்காக ஊக்கமாக ஜெபித்தவர்கள் ஒருவரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. இதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் ஆகியவற்றுக்கான மருந்தை "விசுவாசத்தினால்" நிறுத்தினால் உடல் அதைத் தாங்காது. நிலைமை மோசமானதும் பழி அவருடைய விசுவாசக் குறைவின்மேல் விழும். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்லப் பவுல் கூச்சப்படவில்லை (1 தீமோத்தேயு 5:23).

சமைத்துக் கொடுத்தவர்களுக்கு வருகிறோம். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது அன்பான வார்த்தைதான். ஆனால் யோசிக்கும் வேலையைக் களைத்திருப்பவர் தலையிலேயே வைக்கிறது. ஆகவே அவர் சொல்லவே மாட்டார். "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குச் சாப்பாடு கொண்டுவர்றேன், எத்தனை பேர் இருப்பீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். உப்பு, சர்க்கரை கட்டுப்பாடு உண்டா என்று கேட்டு, திருப்பித் தர வேண்டாத டப்பாவில் போட்டு, மூடியில் என்ன, எந்தத் தேதி என்று எழுதி, வாசலில் கொடுத்துவிட்டு நகர்ந்தீர்கள். முதல் மூன்று நாளில் ஐந்து வீட்டுச் சாப்பாடு வந்து பாதி வீணாவதும், பத்தாம் நாள் அடுப்பு மூட்ட ஆளில்லாமல் போவதும் வழக்கமாக நடப்பது. வாரத்தில் மூன்று நாள், ஆறு வாரம் என்று நீங்கள் பங்கிட்டுக்கொண்டதால் அது நேரவில்லை. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் இரண்டுமுறை எழுப்பி, இரண்டுமுறையும் சாப்பிடத்தான் சொன்னான் (1 இராஜாக்கள் 19). "நீ இங்கே என்ன செய்கிறாய்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது.

நோயாளியைக் கவனிப்பவருக்கு ஓய்வு கொடுத்தவர்கள் ஒரு சிலரே. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், மூன்று மணி நேரம். "எப்போ வேணும்னாலும் வர்றேன்" என்பதை நம்பி யாரும் கண்ணை மூட மாட்டார்கள். வியாழன் மூன்று மணி என்றால் அதற்காகவே காத்திருப்பார்கள். மாத்திரை நேரமும் அவசர எண்ணும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, "நீங்க போய்த் தூங்குங்க, பாத்திரத்தைத் தொடாதீங்க" என்று அனுப்பிவைத்தீர்கள்.

துக்க வீடுகளில் வாயடக்கத்தோடு இருந்தீர்கள். பிள்ளைகளை இழந்த யோபைப் பார்க்க வந்த சிநேகிதர் செய்தவற்றில் நல்லது அந்த ஏழு நாள் மவுனம்தான். நான்காம் அதிகாரத்தில் அவர்களில் ஒருவரான எலிப்பாஸ் வாய் திறந்ததிலிருந்து ஒரே தொல்லை. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற ரோமர் 8:28 சத்தியமே. ஆனாலும் அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில் அதைச் சொன்னால், "அழாதே" என்றுதான் காதில் விழும். கூட்டம் முதல் வாரம் வரும்; வீடு வெறிச்சோடுவது மூன்றாம் மாதம். காலண்டரில் முதல் மாதம், மூன்றாம் மாதம், இறந்தவரின் பிறந்தநாள், முதல் கிறிஸ்துமஸ் என்று குறித்து வைத்துப் போன் செய்தவர்கள், இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்லிப் பேசினார்கள். பெயரைச் சொன்னால் காயம் கிளறும் என்று பயப்படுகிறோம். எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்ற எண்ணமே அவர்களுக்குப் பெரிய காயம்.

பணமாக உதவியவர்கள் உறையின்மேல் ஒன்றும் எழுதவில்லை, போட்டோ கேட்கவில்லை. எந்தக் கட்டணம் பாக்கி என்று கேட்டு நேரே கட்டினீர்கள். இருவராக எண்ணிக் கணக்கு எழுதிய சகோதரருக்கும் எங்கள் நன்றி.

உதவியை ஏற்றுக்கொண்ட வீட்டாரே, உங்களுக்கும் ஸ்தோத்திரம். கதவைத் திறந்து, கலைந்த வீட்டைப் பார்க்கவிட்டது எளிதான காரியமல்ல.

அடுத்த மாத நோட்டில் இன்னும் இரண்டு நாளுக்கு ஆள் சேரவில்லை: புதனும் சனியும். மேலும், பெயர் எழுதாத எவர்சில்வர் டப்பாக்கள் சில வெஸ்ட்ரி (ஆலயத்தின் உடை மாற்றும் அறை) அலமாரியில் இருக்கின்றன. அடையாளம் தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
சந்திப்பு ஊழியக் குழுவினர்