கோணத்தை எங்கிருந்து அளக்கிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் இயற்பியல் மாதிரி வினாக்களைத் தொடர்ந்து படிக்கிறேன், என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். நல்ல வேலை. ஆனால் வெக்டர் (அளவோடு திசையும் உள்ளது) கூட்டல் கணக்கு வரும்போதெல்லாம் விடையில் சூத்திரம் இருக்கிறது, எண் இருக்கிறது, படம் மட்டும் இருப்பதில்லை. இந்தப் பாடத்தில் படம்தான் பாதிக் கணக்கு.

ஒரு வெக்டரை இரண்டு அச்சுகளின் திசையில் பிரித்தால் கிடைப்பவைதான் கூறுகள்; எக்ஸ் (கிழக்கு) கூறு என்றால் கொசைன், ஒய் (வடக்கு) கூறு என்றால் சைன் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். கோணத்தைக் கிழக்கு அச்சிலிருந்து அளக்கும்வரை அது சரி. 'வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 30 டிகிரி திசையில் 10 கி.மீ.' என்று கேள்வி வந்துவிட்டால் கோணம் வடக்கு அச்சில் தொடங்குகிறது, அப்போது வடக்குக் கூறுதான் 10 கொசைன் 30, அதாவது சுமார் 8.66 கி.மீ., கிழக்குக் கூறு 10 சைன் 30, சரியாக 5 கி.மீ. மனப்பாடத்தை நம்பிய பிள்ளை இரண்டையும் மாற்றிப் போட்டுவிடும், அப்புறம் சரிபார்க்கும்போது மொத்த நீளம் அதே 10 என்றே வருவதால் தப்பு நடந்ததே தெரியாது. ஓரத்தில் சின்னதாக ஒரு படம் போட்டிருந்தால், கோடு வடக்கை ஒட்டி நிற்கிறது, அதனால் வடக்குக் கூறுதான் பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்த்தவுடனே புரிந்துவிடும்.

இங்கே இரண்டு வழக்கங்கள் மோதுகின்றன. கணிதத்தில் கோணம் எக்ஸ் அச்சில், அதாவது கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாகப் போகும். திசைகாட்டியில் வடக்கு 0, அங்கிருந்து வலஞ்சுழியாகக் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. கிழக்கே 3 கி.மீ., பிறகு வடக்கே 4 கி.மீ. போனால் இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து நேர்கோட்டுத் தூரம், 5 கி.மீ., அதன் திசை முதல் வழக்கப்படி சுமார் 53 டிகிரி, இரண்டாவது வழக்கப்படி 37. இரண்டுமே சரி. ஒன்றை 90-லிருந்து கழித்தால் மற்றது வரும், மைனஸ் வந்தால் 360 கூட்டிக்கொள்ளலாம். எங்கிருந்து அளந்தது என்று சொல்லாமல் வெறுமனே '53 டிகிரி' என்று நிறுத்துவதைத்தான் நான் ஏற்க மாட்டேன், உங்கள் விடைகளில் அது அடிக்கடி வருகிறது.

கால்குலேட்டரும் ஏமாற்றும். மேற்கே 3, வடக்கே 4 போனதாக வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் −3, ஒய் 4, ஒய்-ஐ எக்ஸ்-ஆல் வகுத்து டேன் தலைகீழ் (டேன் மதிப்பிலிருந்து கோணத்தைத் தருவது) போட்டால் −53 என்று காட்டும், அதுவோ தென்கிழக்கு, போன திசைக்கு நேர் எதிர்! 4-ஐ −3-ஆல் வகுத்தாலும் −4-ஐ 3-ஆல் வகுத்தாலும் ஒரே எண்தான் என்பதால் எது மைனஸ் என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. 180 கூட்டி 127 என்று எடுக்க வேண்டும் என்பதை இன்னொரு விதியாகத் திணிப்பதைவிட, அம்பு வடமேற்கில் நிற்பதைப் படத்தில் பார்த்த பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

காற்றுக் கணக்கிலும் ஒரு வரி சேர்க்கலாம்: வடக்குக் காற்று வடக்கிலிருந்து வருவது, அதனால் அதன் அம்பு தெற்கு நோக்கிப் போக வேண்டும்.

படகுக் கணக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. 200 மீட்டர் அகல ஆறு, படகு நேர் வடக்கே நொடிக்கு 4 மீட்டர், நீரோட்டம் கிழக்கே நொடிக்கு 3 மீட்டர். தொகுபயன், அதாவது இரண்டும் சேர்ந்த வேகம், 5 என்று கண்டுபிடித்த கையோடு 200-ஐ 5-ஆல் வகுத்து 40 நொடி என்று எழுதுகிறவர்கள் ஏராளம். படகு சாய்வாகப் போகிறது, அந்தப் பாதையின் நீளம் 250 மீட்டர், ஆகவே 50 நொடி. ஆற்றைக் கடக்க உதவுவது வடக்குக் கூறு மட்டும்தான், 200-ஐ 4-ஆல் வகுத்தாலும் அதே 50. நீரோட்டம் அந்த நேரத்தில் படகைக் கிழக்கே 150 மீட்டர் தள்ளிவிடும், கடக்கும் நேரத்தை அது கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. ஒரு திசையில் நடப்பது அதற்குச் செங்குத்தான திசையைத் தொடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் முதன்முதலாகப் பிடித்துக்கொள்ளும் இடம் இது, அதை ஒரே வரி விடையில் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இடம் போதாது என்றால் வினாக்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வடக்கு, கிழக்கு குறித்த ஒரு படத்தை ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் போட்டு, கோணம் எந்த அச்சிலிருந்து எந்தப் பக்கமாக என்பதையும் விடையிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் சொல்லித்தரும் ஒரு வாசகர்